வெல்லத்தின் எடை நிற்கவே இல்லை: வேக்குவம் ஓவன் வாங்கினால் தீருமா?

கேள்வி, 8.10.2024 (திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

அக்கா, அப்பா காய்ச்சுகிற அச்சு வெல்லத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று சரக்கு எடுப்பவர் கேட்டார். கல்லூரி லேபில் ஹாட் ஏர் ஓவனில் 105 டிகிரியில் வைத்து எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன். 3 மணி நேரத்தில் 7.8 சதவீதம், 5 மணி நேரத்தில் 8.6. ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் எடுத்தால் 11. எடை நிற்கவே மாட்டேன் என்கிறது. வெளியே ஒரு லேபில் கொடுத்ததற்கு 11.4 என்று எழுதித் தந்தார்கள், சரக்கு திரும்பி வந்துவிட்டது. அப்பா பாகுப் பதத்தில் தப்பே செய்யவில்லை என்கிறார். வேக்குவம் ஓவன் இருந்தால் சரியாக வருமா?

8.10.2024, இரவு

அப்பா சொல்வதை நம்பு. அந்த எண்கள் எதுவுமே ஈரப்பதம் இல்லை. எல்லாம் எடைக் குறைவு. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதி லேப்கள் எழுதித் தருகின்றன.

வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. ஃப்ரக்டோஸ் 70 டிகிரியைத் தாண்டினாலே மெல்லச் சிதைய ஆரம்பிக்கும். சிதையும்போது தன் உடம்பிலிருந்தே தண்ணீரை விடும். ஒரு மூலக்கூறு ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபுராலாக மாறினால் மூன்று மூலக்கூறு தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீர் வெல்லத்தில் தண்ணீராக இருந்ததே இல்லை. சர்க்கரை கெட்டதால் பிறந்தது. நீ ராத்திரி முழுக்க விட்டால் ராத்திரி முழுக்கப் பிறந்துகொண்டே இருக்கும். காலையில் எடுத்த டிஷ் கறுத்து, கருகிய வாடை அடித்திருக்குமே, கவனித்தாயா?

9.10.2024

கறுத்துத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். சரி.

இனி வேக்குவம் ஓவன், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் இழுத்துவிட்டுச் சூடேற்றும் பெட்டி. சூட்டைக் குறைத்துக்கொண்டு, காற்றழுத்தத்தையும் குறைத்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 100 டிகிரி. 234 மி.மீ.க்கு இறக்கினால் 70 டிகிரி. 149க்கு இறக்கினால் 60. 55 மி.மீ.யில் 40 டிகிரியே போதும், அது நம் ஊர் மே மாத வெயில். வெல்லத்துக்கு 70 டிகிரியைத் தாண்டாமல், அழுத்தத்தை 50 மி.மீ.க்குக் கீழே வைத்தால் சர்க்கரை அநேகமாகச் சிதையாது, தண்ணீர் போய்விடும். நான் 2 மணி நேரம் வைத்து எடுத்து, ஆறவிட்டு எடை போடுவேன். அப்புறம் ஒரு மணி நேரம், மறுபடி எடை. அடுத்தடுத்த இரண்டு எடைக்கும் 2 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்துவேன்.

ஓவன் கேஜின் முள் 700ஐத் தாண்டினால் வேலை நடக்கும்.

11.10.2024

மேலே கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், திருத்துகிறேன். ஊட்டியில் வேலை பார்க்கும் ஒருவர், "எங்கள் பம்ப் புதுசு, ஆனாலும் முள் 550க்கு மேல் ஏறியதே இல்லை, பம்ப் பழுதா?" என்று கேட்டிருக்கிறார். பழுதில்லை. ஓவனில் இருக்கும் வட்ட முள் கேஜ் உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுவதில்லை. வெளிக் காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்றுதான் காட்டும். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டருக்குள் இருக்கிறது, வெளிக் காற்று ஏறக்குறைய 755. முள் 710 காட்டினால் உள்ளே மிச்சம் 45. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. வெளிக் காற்றே 585 அளவில்தான். அங்கே முள் 550 என்றால் உள்ளே மிச்சம் 35 மட்டும், நம்மைவிட நல்ல வேக்குவம். அங்கே 700 காட்டும் பம்ப் எங்கேயும் கிடைக்காது.

ஆகவே முள் எண்ணை நோட்டில் எழுதாதே. மிச்ச அழுத்தத்தைக் கணக்குப் போட்டு எழுது. புயல் சின்னம் பக்கத்தில் இருக்கும் நாளில் வெளிக் காற்றழுத்தம் இறங்கும், முள்ளும் அதற்கேற்பக் குறைத்துக் காட்டும். நாகப்பட்டினத்தில் இருந்தபோது அது தெரியாமல் ஒருநாள் முழுக்க இல்லாத கசிவைத் தேடினேன்.

11.10.2024, சற்று பின்

கசிவு பற்றிக் கேட்கிறீர்கள். ஓவனைக் காலியாக, காய்ந்த நிலையில் வைத்து, பம்ப் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த ஆவியே முள்ளை இறக்கும். அதைக் கசிவு என்று நினைத்து காஸ்கெட்டை, அதான் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையை, மாற்றியவர்கள் உண்டு. பெரும்பாலும் காஸ்கெட்டில் ஒட்டிய மணலோ தலைமுடியோதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

13.10.2024

தம்பி, கல்லூரியிலேயே ஒரு பழைய வேக்குவம் ஓவன் பூட்டிக் கிடக்கிறது என்கிறாய். அப்படியென்றால் வாங்காதே, அதைத் தட்டி எழுப்பு. முன்னே ஒரு விஷயம்: வேக்குவத்தில் சூடு ஏறும் விதமே வேறு.

ஹாட் ஏர் ஓவனில் சூடான காற்று சுற்றிவந்து டிஷ்ஷை நாலு பக்கமும் சுடும். வேக்குவத்தில் சுற்றிவரக் காற்று இல்லை. தட்டு டிஷ்ஷைத் தொடும் இடத்தில் ஏறும் சூடும், சுவரிலிருந்து வரும் கதிர்வீச்சும்தான். அடி வளைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால் தட்டைத் தொடுவது நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு. டிஸ்ப்ளே 70 என்று சொல்லும், வெல்லம் 50ஐக்கூடத் தொட்டிருக்காது. தண்ணீர் ஆவியாகும்போது சாம்பிளைக் குளிர்விக்கவும் செய்யும். அடி தட்டையான அலுமினிய டிஷ் எடு. தட்டில் துரு, பழைய கசிவு இருந்தால் தேய்த்து எடு. தட்டின் மேல் அலுமினியத் தாளைச் சுருக்கம் விழ விரிக்காதே.

இன்னொன்று, வெல்லம் மேலே ஆடை கட்டும். ஆடை கட்டினால் அடியில் இருக்கும் ஈரம் வெளியே வராது, எடை நின்றுவிட்டதுபோல் ஏமாற்றும். அதற்குத்தான் மணல். டிஷ்ஷில் மணலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குச்சியும் போட்டுக் காயவைத்து எடை எடு. 2 கிராம் வெல்லத்தைச் சில சொட்டு வெந்நீரில் கரைத்து மணலோடு கிளறிப் பரப்பு. சேர்த்த தண்ணீர் எப்படியும் போய்விடும், கணக்கில் வராது. ஆனால் முதலில் வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்துக் கிளறி உதிரியாக்கிவிட்டுத்தான் ஓவனில் வை. சொதசொதவென்று வைத்து ஒரே இழுப்பில் பம்பைப் போட்டால் கொதித்துத் தெறிக்கும். கூரையில் ஒட்டிய வெல்லத்தை எடையில் சேர்க்க முடியாது.

14.10.2024

"கொள்ளிடத்து மணல் ஆகுமா அக்கா?" ஆகும், அப்படியே போடக் கூடாது. அதில் கிளிஞ்சல் துணுக்கும் வண்டலும் இலை மக்கும் இருக்கும். சலித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அமிலம் போகும்வரை கழுவி, மஃபிள் ஃபர்னஸில் 500 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தால் அதுவும் நல்ல மணல்தான். நான் ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். வெறும் மணலை மட்டும் டிஷ்ஷில் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார், எடை மாறக் கூடாது.

19.10.2024

பம்ப். இதை நீளமாக எழுத வேண்டும். ஓவன் கெடுவது அபூர்வம், பம்ப்தான் கெடும்.

ஆயில் பம்பாக இருந்தால் நீ உலர்த்தும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் அதன் ஆயிலுக்குள் போகிறது. கண்ணாடிச் சன்னலில் பார், ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு எவ்வளவு ஓட்டினாலும் அழுத்தம் இறங்காது. பம்பில் கேஸ் பலாஸ்ட் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சாம்பிள் வைக்குமுன் அதைத் திறந்துவிட்டு இருபது, முப்பது நிமிஷம் ஓட்டிச் சூடேற்று. வேலை முடிந்தபிறகும் அப்படியே ஓட விடு. கொஞ்சம் காற்று உள்ளே வந்து ஆவியை ஆயிலில் தங்கவிடாமல் தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் இது இல்லாமல் நம் பக்கம் ஆயில் பம்பை வைத்துக்கொள்ளவே முடியாது. ஓவனுக்கும் பம்புக்கும் நடுவில் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் ஒரு குளிர்ப்பொறி, ஐஸும் உப்பும் போட்ட ஃபிளாஸ்க்காவது வை. வெல்லத்துக்கு டயஃப்ரம் பம்பே போதும். அது சில மி.மீ. வரை இறங்கும், ஆயில் தொல்லை இல்லை. 50 மி.மீ. வேலைக்கு அதற்கு மேல் எதற்கு?

கஜா வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு லேபில் இருந்தேன். 2018 நவம்பர் 15 சாயங்காலம் இறால் தீவன சாம்பிள்கள் ஓவனில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாதியில் நிறுத்தினால் மூன்று நாள் வேலை போகுமே என்று பம்பை ஓட விட்டுவிட்டுப் போனேன். 16 ஆம் தேதி விடியுமுன் புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் தெருவில் வேப்பமரம் ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் வந்து ஓவனைத் திறந்தபோது இரண்டு தட்டிலும் கறுப்பு ஆயில் தேங்கி நின்றது, டிஷ்ஷெல்லாம் மூழ்கிக் கிடந்தது. பம்ப் நின்ற நிமிஷத்தில் உள்ளிருந்த வேக்குவம் ஆயிலைக் குழாய் வழியே இழுத்திருக்கிறது. அந்தப் பம்பில் திரும்பவிடாத வால்வு இல்லை, நானும் கேட்டதில்லை. சாம்பிளைக் கொடுத்த குளத்துக்காரர்களுக்குக் குளமே போய்விட்டது. அதனால் யாரும் முடிவு கேட்டு வரவில்லை. அந்த டிஷ் எண்கள் எழுதிய பக்கத்தில் முடிவு எழுதும் இடம் இன்னும் என் நோட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் திரும்பவிடாத வால்வு இல்லாத பம்பை ஓவனில் மாட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், நடுவே பெரிய காலி ஃபிளாஸ்க் ஒன்றை வையுங்கள். ஆயில் வந்தாலும் அதிலேயே நிற்கும்.

21.10.2024

நெல்லுக்கும் வேக்குவம் ஓவன் வேண்டுமா என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்கிறார். வேண்டாம். நெல்லை அரைத்து 130 டிகிரியில் 2 மணி நேரம் ஹாட் ஏர் ஓவனில் வைத்தால் போதும். மாவுச்சத்து அந்த நேரத்துக்குள் அப்படிச் சிதையாது. நெல் பதனம் பற்றி நம் பக்கத்தில் இருக்கும் அனுபவம் சின்னதல்ல. 1967 இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய நெல் பதன ஆராய்ச்சி மையம்தான் வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. வேக்குவம் ஓவனுக்கு வைத்த பணத்தில் நல்ல தராசு வாங்குங்கள்.

நெல் என்றதும் அப்பா ஞாபகம். குறுவை அறுத்ததும் மழை பிடித்துக்கொண்ட ஒரு வருஷம். ரோட்டில் பரப்பி, தார்ப்பாயை இழுத்து, மறுபடி விரித்து, நாலு நாள் பாடு. கொள்முதல் நிலையத்தில் மீட்டர் 19 காட்டியது, வரம்பு 17. ராத்திரி சிப்பங்களோடு அங்கேயே படுத்தார். காலையில் அதே நெல், அதே மீட்டர், 17.5. அந்த மீட்டர் நெல்லின் மின்தேக்கும் தன்மையை அளந்து ஈரமாக மாற்றிச் சொல்கிறது. வெயிலில் சுட்ட நெல்லையும் ராத்திரி ஆறிய நெல்லையும் அது ஒரே மாதிரி படிப்பதில்லை. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் நெல்லிலும் தடுமாறும். ஒவ்வொரு பருவத்திலும் அதே ரகத்தை ஓவனில் வைத்துச் சரிபார்க்காத மீட்டரை நம்பி விவசாயியைத் திருப்பி அனுப்புவது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தம்பியின் வெல்லக் கதையைப் படித்ததும் நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததே இதனால்தான்.

27.10.2024

பட்டுக்கோட்டைக் கொப்பரையை 105 டிகிரியில் வைத்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து எடை ஏறும், வேக்குவத்தில் ஏறாது என்று நேற்று ஒருவருக்குப் பதில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அவசரப்பட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, காற்றோடு சேர அதில் இடமே குறைவு. நான் மனதில் வைத்திருந்தது இறால் தீவனம். அதில் மீன் எண்ணெய் இருக்கிறது, அது ஆக்சிஜனை இழுக்கும். 105இல் முதல் சில மணி நேரம் எடை இறங்கி, அப்புறம் ஏற ஆரம்பித்ததை நானே எழுதிவைத்திருக்கிறேன். வெல்லத்துக்கு நேர் எதிர்: அங்கே எடை நிற்காமல் இறங்கும், இங்கே இறங்கி ஏறும். வேக்குவத்தில் ஆக்சிஜன் அநேகமாக இல்லாததால் தீவனத்துக்கு அது நல்ல வழி. கொப்பரைக்கு ஹாட் ஏர் ஓவனே போதும்.

2.11.2024

கும்பகோணம் வெற்றிலையை வேக்குவத்தில் உலர்த்தி ஈரம் பார்ப்பவருக்கு: வெற்றிலையின் காரமும் மணமும் ஆவியாகும் எண்ணெய். வேக்குவத்தில் தண்ணீரோடு அதுவும் கிளம்பிவிடும், நீங்கள் அதையும் ஈரம் என்று எழுதுவீர்கள். மிளகு, கிராம்பு எல்லாவற்றுக்கும் இதே கதை. டொலுயீனோடு கொதிக்கவைத்து, பிரிந்து அடியில் சேரும் தண்ணீரை அளவுக் குழாயில் நேரடியாகப் படிக்கும் முறை 1920 இலிருந்து இருக்கிறது, டீன் ஸ்டார்க் அமைப்பு. எண்ணெய் டொலுயீனில் கரைந்துவிடும், தண்ணீர் தனியாக நிற்கும். தண்ணீரோடு மட்டும் வினைபுரியும் கார்ல் ஃபிஷர் முறை 1935 இல் வந்தது. வசதியிருந்தால் வெல்லத்துக்கும் அதுவே கடைசித் தீர்ப்பு. வேக்குவம் எண் சரியா என்று சந்தேகம் வந்தால் ஒரே ஒரு சாம்பிளை அதில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2.11.2024, அடுத்து

அசிட்டோனில் ஊறவைத்து எடுத்த சாறை அப்படியே வேக்குவம் ஓவனில் வைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். வைக்காதே, கண்ணு. அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும், ஹெக்ஸேன் 69இல். சாதாரண வேக்குவம் ஓவனில் ஹீட்டரும் சுவிட்சும் தீப்பொறி விடக்கூடியவை. கரைப்பான் ஆவி நிறைந்திருக்கும்போது காற்றைத் திறந்துவிட்டால் வெடிக்கத் தேவையான எல்லாமே ஒன்றாகச் சேர்ந்துவிடும். முதலில் ரோட்டரி எவாப்பரேட்டரில் வடித்துவிடு. மிச்சம் துளி இருந்தால், கரைப்பானுக்கென்றே செய்த ஓவன், டெஃப்லான் டயஃப்ரம் பம்ப், குளிர்ப்பொறி, பம்பின் வாய் ஃபியூம் ஹூடுக்குள். இவை இல்லாத லேபில் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் மாட்டேன் என்று சொல்.

கண்ணாடிக் கதவும் சும்மா இல்லை. 30 செ.மீ.க்கு 30 செ.மீ. கதவில் வெளிக் காற்று தள்ளும் பாரம் கிட்டத்தட்ட 900 கிலோ. நாற்பது கிலோ நெல் சிப்பம் இருபத்திரண்டை அந்தக் கண்ணாடியில் சாய்த்து வைத்ததுபோல. கீறல் விழுந்த கண்ணாடியோடு ஒருநாளும் ஓட்டாதே.

16.11.2024

அக்டோபர் 9 ஆம் தேதிக் குறிப்பில் அழுத்தமும் கொதிநிலையும் சொன்னேனே, அது வெறும் தண்ணீருக்கு. வெல்லத்தில் தண்ணீர் சர்க்கரையோடு பிணைந்திருக்கிறது, உலர உலர மிச்சத் தண்ணீர் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 234 மி.மீ.யில் 70 டிகிரிக்குத் தண்ணீர் கொதிக்கும், ஆகவே அந்த அழுத்தமே போதும் என்று ஒருவர் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். போதாது. கடைசி ஒரு சதவீதம் வரவே வராது. அதனால்தான் 50க்குக் கீழே.

அதோடு, உள்ளே தேங்கும் ஆவியும் கிளம்ப வேண்டும். மிக மெல்லிய காற்றோட்டம் ஒன்றை, உலர்த்தும் குப்பி வழியாக, சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டே பம்பை ஓட்டுவது பழைய வழக்கம். செய்து பார்த்தேன், உலரும் நேரம் குறைகிறது.

5.1.2025

தம்பியிடமிருந்து. "அக்கா, பழைய ஓவன் ஓடுகிறது. காஸ்கெட் மாற்றினோம், டயஃப்ரம் பம்ப் வேதியியல் துறையில் இரவல். 70 டிகிரி, மிச்ச அழுத்தம் 40. மணலோடு வைத்தேன். 2 மணி நேரத்தில் 5.9, அடுத்த மணி 6.1, அதற்கடுத்தது 6.1. டிஷ்ஷில் நிறமே மாறவில்லை. ஆனால் நேற்று மழையில் அதே சாம்பிள் 5.6 காட்டுகிறது."

5.1.2025, இரவு

6.1! அப்பாவிடம் சொன்னாயா? நின்ற எடை, மாறாத நிறம், இரண்டும் கிடைத்துவிட்டன. நோட்டில் மூன்று எடையையும் நேரத்தோடு எழுதி, 105 டிகிரி எண்களையும் பக்கத்திலேயே எழுதி, கறுத்த டிஷ்ஷையும் வெளுத்த டிஷ்ஷையும் படம் எடுத்துச் சரக்கு எடுப்பவருக்குக் காட்டு. அந்த வெளி லேபிடம் எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு.

5.6 ஏன் என்றால் மழை. உலர்ந்த வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை நிமிஷத்தில் குடிக்கும். எடை கூடினால் ஈரம் குறைந்ததாகக் கணக்கு வரும். வேக்குவத்தைத் திறந்துவிடும்போது வெளிக் காற்று நேராக உள்ளே போகக் கூடாது, ஈரம் குடிக்கும் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் வழியாக மெல்ல மெல்ல விடு. டக்கென்று விட்டால் மணலே பறக்கும். முள் சுழிக்கு வந்ததும் கதவைத் திறந்து, உள்ளேயே டிஷ்ஷுக்கு மூடி போட்டு, மூடியோடு டெசிகேட்டருக்கு, அதாவது அடியில் ஜெல் போட்ட மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்கு, மாற்று. முக்கால் மணி நேரம் ஆறட்டும். சூடாகத் தராசில் வைத்தால் எழும் காற்று தட்டைத் தூக்கி, எடையைக் குறைத்துக் காட்டும்.

டெசிகேட்டரில் ஜெல் என்ன நிறம்?

6.1.2025

ரோஜா நிறம் என்கிறாய். அப்படியானால் உன் டெசிகேட்டர் வெறும் கண்ணாடிப் பானை. நீல ஜெல் ஈரம் குடித்தால்தான் ரோஜாவாகும். 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். அந்த நிறம் கோபால்ட் உப்பு, தூசியை மூச்சில் இழுக்காதே, கையால் அள்ளாதே. அடுத்த முறை ஆரஞ்சு ஜெல் வாங்கு. மூடியின் விளிம்பில் வாசலைன் ஒரு பூச்சு.

13.1.2025

போகி. நீல ஜெல்லோடு, மழை நாளிலேயே, 6.1 என்று எழுதியிருக்கிறான். அவன் அப்பா இரண்டு அச்சு வெல்லம் அனுப்பியிருக்கிறார். ஒன்றை நாளை மறுநாள் வரை தொடாமல் டெசிகேட்டரில் வைக்கிறேன், கார்ல் ஃபிஷர் இருக்கும் இடத்தில் ஒருவர் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொன்று நாளைக்குப் பானையில்.